ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு: மூடப்பட்ட பள்ளியின் வரலாறு குறித்து

பெற்றோர்களுக்கு வணக்கம்.

நம் பகுதியில் இயங்கி, பிறகு மூடப்பட்ட மாநகராட்சி உயர்நிலைப் பள்ளியின் பதிவேடுகள் நம் அலுவலக பீரோவில்தான் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு அந்தப் பள்ளியின் வரலாற்றை உங்கள் பிள்ளைகள் இந்தப் பருவத்தில் எழுதுகிறார்கள். அங்கே படித்த தாத்தா, பாட்டி, அத்தை, மாமாக்களிடம் கேள்விகளோடு வருவார்கள். பழைய காகிதங்களும் கேட்பார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

பள்ளிக்குக் கட்டடம் போனாலும் சேர்க்கைப் பதிவேடு இருந்தால் பாதி வரலாறு கைக்கு வந்துவிடும். அதில் சேர்க்கை எண் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து தொடங்காது, தொடர்ந்து ஓடும். ஒரு ஜூனில் முதல் எண் 4112, அடுத்த ஜூனில் முதல் எண் 4290 என்றால், இடையில் சேர்ந்தவர்கள் 178 பேர். இதேபோல மாற்றுச் சான்றிதழ்ப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை எண்ணினால் விலகியவர்கள் எத்தனை பேர் என்று தெரியும். இரண்டையும் ஒரே வரைபடத் தாளில் கோடாகப் போடச் சொல்லியிருக்கிறேன். வரவுக் கோடு செலவுக் கோட்டுக்குக் கீழே இறங்கி, மறுபடி ஏறாத ஆண்டு எது என்று பார்க்க வேண்டும். மூடும் உத்தரவு பின்னால்தான் வந்திருக்கும்; பள்ளி தேய ஆரம்பித்தது அந்த ஆண்டில்.

"மாணவர் குறைந்ததால் மூடப்பட்டது" என்று ஒரு வரி எழுதி முடிப்பதை ஏற்க மாட்டேன். குறைந்தது ஏன் என்பதே கேள்வி. அடிக்கட்டையில் வகுப்பும் விலகும் காரணமும் இருக்கும். பத்தாம் வகுப்பு முடித்து விலகியது இயல்பு. ஆறிலும் ஏழிலும் நடு ஆண்டில் டி.சி. குவிந்திருந்தால் குடும்பங்கள் இடம் மாறியிருக்கலாம், வேறு பள்ளி தேடியிருக்கலாம். இன்னொன்றையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். 1978-இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தது. மேல்நிலையாக உயர்த்தப்படாமல் உயர்நிலையாகவே நின்ற பள்ளியில் பத்தோடு வெளியேற வேண்டும். பன்னிரண்டு வரை உள்ள பள்ளியில் ஆறாம் வகுப்பிலேயே சேர்த்துவிட்டால் பிறகு அலைச்சல் இல்லை என்று பெற்றோர் கணக்குப் போட்டார்களா? ஆறாம் வகுப்புச் சேர்க்கையை மட்டும் தனியே எடுத்தால் இதற்குப் பதில் கிடைக்கும்.

பிள்ளைகள் தடுமாறும் இடங்கள் சில உண்டு. தாத்தா "நாலாம் பாரம்" என்றால் நான்காம் வகுப்பு என்று எழுதிவிடுகிறார்கள். முதல் பாரம் என்பது ஆறாம் வகுப்பு. ஆறாம் பாரம் பதினொன்று. உங்கள் பிள்ளை இப்போது படிப்பதுதான் நாலாம் பாரம்! அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. பதினோராம் வகுப்பில் எழுதியது. அதை முடித்தவர்கள் பி.யூ.சி. எனும் புகுமுக வகுப்பு படிக்கக் கல்லூரிக்குப் போனார்கள்.

மாணவர் கட்டிய சம்பளப் (கட்டணப்) பதிவேட்டில் 5-4-0 என்று இருந்தால் ஐந்து ரூபாய் நாலணா (ரூபாய்க்குப் பதினாறு அணா), அதாவது 5.25. பிள்ளைகள் 5.40 என்று எழுதுகிறார்கள். 1957 ஏப்ரல் 1 முதல்தான் நூறு பைசாக் கணக்கு. கடிதத் தலைப்பை வைத்தும் காலத்தை முடிவு செய்யக் கூடாது. 1969 ஜனவரி 14-இல் மெட்ராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆன பிறகும், அச்சடித்த பழைய தாள் தீரும்வரை ஓடியிருக்கும். பிறந்த தேதிகளில் ஜூன், ஜூலை மாதங்கள் நெருக்கமாக இருப்பதைப் பார்த்து வியக்க வேண்டாம். பள்ளியில் சேர்ப்பதற்காக வயதைச் சரிக்கட்டி எழுதிய தேதிகள் அவற்றில் நிறைய. ஊர்ப் பெருமைகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 1920-இல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த தியாகராயச் செட்டியார் காலத்தில் மாநகராட்சி மதிய உணவு தொடங்கியது ஆயிரம் விளக்குப் பள்ளியில். அதைக் கொண்டுவந்து இந்தப் பள்ளிக்குச் சூட்டக் கூடாது.

வீட்டுப் பெரியவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் பெரும்பாலும் தோராயமாகத்தான் வரும். "அணா இருந்ததா, நயா பைசா வந்துவிட்டதா?", "65 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது எந்த வகுப்பு?" என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் கூர்மையாக வரும்.

பரணில் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் (மதிப்பெண் சான்றிதழ்), ஆண்டு மலர், குழுப் படம் இருந்தால் தேடி எடுங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். பசை பழுத்துத் தாளோடு சேர்ந்துவிடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. துருப்பிடித்த குண்டூசியை இழுக்காமல், மெல்ல நெம்பி எடுக்கலாம். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்ட வேண்டாம். சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்தால் முகங்கள் கண்ணாடியிலேயே தங்கிவிடும். அப்படியே வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி கைப்பேசியில் எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள். பெயர்கள் பெரும்பாலும் அங்கேதான். நிற்பவர்கள், அமர்ந்திருப்பவர்கள் என்று இடமிருந்து வலமாக, தெரிந்த பெயர்களை மட்டும் தனித் தாளில் பென்சிலால் எழுதி அனுப்புங்கள். படத்தின் மேல் பேனா படக் கூடாது.

ஒரு கண்டிப்பு. சேர்க்கைப் பதிவேட்டில் சாதி, மதம், தகப்பனார் தொழில், நடத்தைக் குறிப்பு எல்லாம் இருக்கின்றன. அதில் இருப்பவர்கள் நம் தெருவிலேயே வாழ்கிறார்கள். பிள்ளைகள் எண்களையும் ஆண்டுகளையும் வகுப்பையும் விலகிய காரணத்தையும் மட்டுமே எடுப்பார்கள், பெயர் எடுப்பதில்லை. பதிவேட்டைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் போடக் கூடாது என்று வகுப்பில் சொல்லிவிட்டேன், வீட்டிலும் சொல்லுங்கள். உங்கள் பழைய டி.சி. விவரம் தேவைப்பட்டால் பிள்ளை மூலம் கேட்காமல் நேரில் விண்ணப்பத்தோடு வாருங்கள்.

பழைய அரசாணைகளைத் தேட எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும், நாளிதழ்களுக்காகக் கன்னிமாரா நூலகத்துக்கும் வரலாற்று ஆசிரியர் போவார். பிள்ளைகளை அங்கே அழைத்துப் போக வேண்டிய சிரமம் உங்களுக்கு இல்லை.

மூலக் காகிதம் எதையும் பிள்ளையின் புத்தகப் பையில் வைத்து அனுப்பாதீர்கள். சனிக்கிழமை காலை நீங்களே கொண்டுவந்தால், அலுவலகத்தில் உங்கள் கண்ணெதிரே படம் எடுத்து, அப்போதே திருப்பித் தந்துவிடுவோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்