கூரை கான்கிரீட் போடும்போதே அடுப்புப் புகைபோக்கிக்கு வழி விடக் கோரி மனு

அனுப்புநர்:
கொத்தனார் ஒருவரும் ஊர்ப் பெண்களும்,
வத்தல்மலை, தர்மபுரி மாவட்டம்.
(பெயர்களும் கையெழுத்துகளும் தனித்தாளில்)

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தர்மபுரி.

பொருள்: அரசுத் திட்டங்களில் கட்டும் வீடுகளின் சமையலறையில் விறகு அடுப்புக்குப் புகைபோக்கி வைப்பதை வரைபடத்திலும் எஸ்டிமேட்டிலும் சேர்க்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மலையில் கொத்தனார் வேலை செய்கிறவன். அரசு கொடுக்கும் வீடுகளில் நிறைய வீடுகளுக்கு நானும் கரண்டி பிடித்திருக்கிறேன். நாங்கள் கேட்பது பெரிய விஷயம் இல்லை. கூரைக்கு கான்கிரீட் கொட்டும் அன்றைக்கு, சமையலறையில் அடுப்பு வரப்போகிற மூலைக்கு நேர் மேலே முக்கால் அடிக்கு முக்கால் அடி ஓர் ஓட்டை விட்டுப் போட வேண்டும், அதில் ஏற்றுகிற குழாய்க்கு எஸ்டிமேட்டில் ஒரு வரி வேண்டும், அவ்வளவுதான். இதை ஏன் ஆட்சியர் வரைக்கும் கொண்டு வருகிறோம் என்றால், வரைபடத்தில் இல்லாத ஓட்டையை விட ஓவர்சியருக்கு அதிகாரம் இல்லை, பயனாளிக்குத் தைரியம் இல்லை, எனக்குக் கூலி இல்லை.

கேஸ்தான் கொடுத்துவிட்டோமே, இன்னும் எதற்கு விறகு அடுப்பு என்று நீங்கள் கேட்கலாம், கேட்டால் நியாயம்தான். 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் இணைப்பு வாங்கிய வீடுகள் எங்கள் பக்கமும் உண்டு, டீ வைக்க, குழந்தைக்குப் பால் காய்ச்ச, அவசரத்துக்குத் தோசை சுட எல்லாம் கேஸ்தான். ஆனால் 14.2 கிலோ சிலிண்டர் தீர்ந்தால் அடுத்தது மலை ஏறி வர வேண்டும், அதற்குப் பணமும் கையில் இருக்க வேண்டும். காப்பித் தோட்டத்தில் கவாத்து பண்ணிய குச்சியும் சில்வர் ஓக் கிளையும் வீட்டு வாசலிலேயே கிடக்கும்போது குளிக்க வெந்நீர் வைப்பதற்கும் மாட்டுக்குக் காய்ச்சுவதற்கும் யாரும் சிலிண்டரைத் திறக்க மாட்டார்கள்.

அப்புறம் களி. 2023 முதல் நம் மாவட்டத்து ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கிறீர்கள், நல்ல காரியம், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்தக் கேழ்வரகு எந்த அடுப்பில் களியாகிறது என்று யாராவது வந்து பார்த்தார்களா தெரியவில்லை. உலை கொதித்து, மாவைக் கொட்டி வேக விட்டு, அதற்கப்புறம் இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்து உடம்பு பாரத்தை எல்லாம் கொடுத்து அழுத்திக் கிண்ட வேண்டும், கட்டி விழாமல் வரும் வரை விடக் கூடாது. பத்துப் பேருக்கான பானையை கேஸ் ஸ்டவ்வில் வைத்து அப்படி அழுத்தினால் ஸ்டவ் நகரும், பானை சாயும். மண் அடுப்பு தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். என்ன, கிண்டுகிறவரின் முகம் அத்தனை நேரமும் புகைக்கு நேர் மேலே இருக்கும், கண்ணைத் துடைக்கக்கூட ஒரு கை மிச்சம் இருக்காது.

புது வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். 2024இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு சமையலறையோடு சேர்த்து 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்காவது கான்கிரீட் கூரை, 3.50 லட்சம் ரூபாய். பிரதமர் வீட்டுத் திட்டத்தின் விதியிலும் 25 சதுர மீட்டருக்குள் சுகாதாரமாகச் சமைக்கத் தனி இடம் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஓலை வீட்டில் புகை கீற்று இடுக்கு வழியாகக் கசிந்தாவது போகும், ஓட்டு வீட்டில் ஓட்டுச் சந்தில் போகும். கான்கிரீட் கூரைக்கு அடியில் அது எங்கே போகும்? கூரை வரைக்கும் ஏறி, அங்கே பரவி, ஆள் நிற்கிற உயரத்துக்கு இறங்கி நிற்கிறது. சரி என்று ஜன்னலைத் திறந்தால் மலைக்காற்று உள்ளே அடித்து இருக்கிற புகையைப் படுக்கிற அறைக்குத் தள்ளுகிறது. கிரகப்பிரவேசம் முடிந்து சுண்ணாம்பு வாசனை போவதற்குள் சுவர் கறுத்துவிடுகிறது, வீட்டுக்காரருக்கு மனசு கேட்பதில்லை. அதனால் சமையலறையில் நெல் மூட்டையும் மிளகுச் சாக்கும் ஏறிவிடுகின்றன, அடுப்பு வெளியே நாலு கழியும் ஒரு தகரமும் வைத்துப் போட்ட சாய்ப்புக்குப் போய்விடுகிறது. ஐப்பசி கார்த்திகையில் அந்தச் சாய்ப்பில் சமைக்கிற பெண்களின் பாட்டைச் சொல்லி மாளாது. அரசாங்கம் காசு கொடுத்துக் கட்டிய சமையலறையில் சமையல் மட்டும் நடப்பதில்லை.

சில பேர் பொறுக்க முடியாமல் அப்புறமாகக் கூரையை உடைக்கச் சொல்கிறார்கள். காய்ந்து இறுகிய கான்கிரீட்டைச் சம்மட்டியால் தட்டினால் ஓட்டை நாம் கேட்ட அளவில் விழாது, கீழ்ப் பக்கம் பெரிதாகப் பெயர்ந்து கம்பி வெளியே தெரியும், அந்தக் கம்பியையும் வெட்டியாக வேண்டும். ஒரு வீட்டில் அப்படி உடைத்துவிட்டு, மழை ஒழுகியதும் உரச் சாக்கை மடித்து அடைத்து வைத்திருந்தார்கள். வெட்டிய கம்பியில் துரு ஏறிவிட்டது, இனி அந்தப் பக்கம் கூரைக்கு என்ன உத்தரவாதம்? கான்கிரீட்டைத் தாங்கும் பலகைத் தட்டான சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டும்போதே என்றால் ஒரு பலகைப் பெட்டியை அந்த இடத்தில் வைத்துவிட்டு, ஓட்டையைச் சுற்றி நாலு பக்கமும் கூடுதலாகக் கம்பி வைத்துக் கட்டிவிடலாம். அரை மணி நேர வேலை, கான்கிரீட் அந்த அளவுக்கு மிச்சம்.

புகைபோக்கி என்றால் ஒரு குழாயைச் சொருகுவது என்றுதான் பல பேர் நினைக்கிறார்கள், அதனால்தான் வேலைக்காரன் என்ற முறையில் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன், பொறியாளர்கள் பொறுத்துக்கொள்ளவும். புகை தானாக மேலே போவதில்லை, சூடாக இருக்கும் வரைதான் போகும். குழாய்க்குள் இருக்கிற காற்று வெளிக்காற்றை விடச் சூடாக, லேசாக இருப்பதால் மேலே எழும்புகிறது, அந்த இழுப்பில்தான் அடுப்பு வாயிலிருந்து புதுக் காற்று உள்ளே வருகிறது. குழாய் உயரமாகவும் நேராகவும் இருந்தால் இழுப்பு அதிகம். சுவரில் குறுக்காக ஓட்டை போட்டு ஒரு துண்டுக் குழாயை வெளியே நீட்டி விடுகிறார்களே, அதில் இழுப்பே கிடையாது, எதிர்க்காற்று அடித்தால் புகை திரும்பி வீட்டுக்குள்ளேயே வரும். குழாயை முழுக்க வெளிச்சுவரோடு ஏற்றினாலும் எங்கள் ஊர்க் குளிரில் அது சீக்கிரம் ஆறிப் புகை மந்தமாகிவிடும். ஆகவே வீட்டுக்குள் நேராக ஏறிக் கூரை வழியாக வெளியேறுவதுதான் நல்லது, வளைவு ஒன்றுகூட இல்லாவிட்டால் ரொம்ப நல்லது.

குழாய் நாலு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கூரையை விட்டு வெளியே வந்த இடத்திலிருந்து 3 அடியாவது உயர வேண்டும், பத்தடிக்குள் வேறு மேடோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் அதைவிட 2 அடி அதிகம். ஓட்டைக்கும் குழாய்க்கும் நடுவில் சுற்றிலும் இரண்டு அங்குலமாவது விட வேண்டும், கான்கிரீட்டை ஒட்டிக் குழாய் போனால் சூட்டில் விரிசல் விடும். ஓட்டையைச் சுற்றி மேலே அரையடி உயரத்துக்குச் செங்கல் கட்டிப் பூசி, அதன் மேல் சாய்வான தகடு ஒன்றைக் குழாயோடு பிடித்துவிட்டால் மழை இறங்காது. உச்சியில் தொப்பி வேண்டும், ஆனால் அது குழாய் வாயோடு ஒட்டி உட்காரக் கூடாது. துண்டு துண்டாக மாட்டும்போது மேல் துண்டு கீழ்த் துண்டுக்கு உள்ளே இறங்க வேண்டும். பல பேர் மழைத் தண்ணீர்க் குழாய்க் கணக்கில் யோசித்து இதை மாற்றிச் செய்து, இணைப்பு வழியாகக் கறுப்புத் தார் சுவரில் வழிவதைப் பார்த்துவிட்டுப் புகைபோக்கியே மோசம் என்று சொல்லிவிடுகிறார்கள். ஈர விறகு எரித்தால் புகையில் இருக்கிற ஆவியும் பிசினும் குழாயின் உள்சுவரில் இப்படிப் படியும், காய்ந்து தடித்தால் அதுவே தீப்பிடித்து எரியும். தகரக் கூரை, மூங்கில், கழி இருக்கிற பழைய வீடுகளில் குழாய்க்கும் மரத்துக்கும் ஒன்றரை அடி இடைவெளி இல்லாமல் யாரும் குழாய் ஏற்ற வேண்டாம், ஓலைக் கூரை வழியாக ஏற்றவே வேண்டாம்.

எந்தக் குழாய் என்பதையும் உத்தரவில் எழுதிவிடுங்கள், எழுதாவிட்டால் எது மலிவோ அதுதான் வந்து இறங்கும். பிவிசி குழாய் 80 டிகிரி சூட்டிலேயே இளகிவிடும், எரிந்தால் வருகிற புகை விறகுப் புகையைவிட மோசம். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சிமென்ட் குழாய் அந்தக் காலத் திட்டங்களில் கொடுத்ததுதான், ஆனால் அதை அறுக்கும்போது பறக்கிற தூசு நுரையீரலுக்கு விஷம். கல்நார்க் கூரையே வேண்டாம் என்று ஒதுக்கிய பிறகு குழாயாக மட்டும் அதை வீட்டுக்குள் விடுவது சரியில்லை. அடுப்பிலிருந்து முதல் மூன்று அடிக்குத் துத்தநாகம் பூசாத இரும்புத் தகட்டுக் குழாய் அல்லது சுடுமண் குழாய் வேண்டும், அதற்கு மேலே பூசிய தகடு போதும். சுடுமண் என்றால் நம் மாவட்டத்துக் குயவர்களுக்கும் கொஞ்சம் வேலை கிடைக்கும்.

புகையால் வரும் கெடுதியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குள் எழும்புகிற சமையல் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. பீடியைத் தொட்டே பார்க்காத எங்கள் வீட்டுப் பெரியம்மாக்கள் படியேற முடியாமல் இளைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற புகையோடு, நிறமும் வாசனையும் இல்லாத கார்பன் மோனாக்சைடும் வருகிறது, அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் ரத்தத்தோடு ஒட்டிக்கொள்ளும். மார்கழிக் குளிரில் சட்டியில் தணலை அள்ளி வைத்துக் கதவைச் சாத்திப் படுக்கிற பழக்கம் மலையில் இன்னும் இருக்கிறது, புகை இல்லையே என்ற தைரியம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் அப்படிப் படுத்தவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி பேப்பரில் வரத்தான் செய்கிறது. குழாய் வைத்த அடுப்பு சமையலறையில் இருந்தால் கதகதப்புக்கு அதன் பக்கத்திலேயே உட்காரலாம், தணலை அள்ளும் வேலை குறையும். அப்போதும் காற்று உள்ளே வர ஒரு சின்னத் திறப்பு கட்டாயம் வேண்டும், எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் குழாயும் இழுக்காது.

இது புதுசாக யாரும் கண்டுபிடித்த சமாச்சாரம் இல்லை. பக்கத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அஸ்த்ரா அடுப்பு என்று மூன்று பானை வைக்கிற, புகைபோக்கி உள்ள அடுப்பைச் செய்து காட்டினார்கள். மத்திய அரசு 1983இல் புகையில்லா அடுப்புக்கென்று நாடு முழுக்க ஒரு திட்டம் கொண்டுவந்து 2002 வரை நடத்தியது. அடுப்பு கொடுத்தார்கள், குழாய் கொடுத்தார்கள், யார் சுத்தம் பண்ணுவது, உடைந்தால் யார் மாற்றுவது என்பதைப் பல ஊர்களில் கவனிக்கவில்லை, குழாய் அடைத்ததும் மக்கள் பழைய அடுப்புக்கே போய்விட்டார்கள். எங்கள் வீட்டுப் பானையின் அளவு என்ன என்று கேட்காமல் ஒரே அளவில் குழி வைத்த அடுப்பைக் கொடுத்தாலும் இதே கதிதான் வரும், ஏனென்றால் பானை குழியில் இறுக உட்காராவிட்டால் சந்து வழியாகப் புகை வெளியே வரும், குழாயில் இழுப்பும் போய்விடும். அதனால் அடுப்பை நாங்களே எங்கள் களிப் பானைக்கு அளவெடுத்து மண்ணில் போட்டுக்கொள்கிறோம், அரசு ஓட்டையும் குழாயும் கொடுத்தால் போதும்.

ஆகவே ஐயா/அம்மா, மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை மூலமாக எல்லா ஒன்றிய உதவிப் பொறியாளர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டுகிறோம். மலைக் கிராமங்களில் இனிமேல் கூரை போடும் வீடுகளுக்கு, பயனாளி வேண்டும் என்று சொன்னால், ஓட்டை விடுவதை வரைபடத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். கூரை மட்டத்தில் பில் போட போட்டோ எடுக்கிறீர்கள் அல்லவா, அந்த போட்டோவில் ஓட்டையும் தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும். ஏற்கெனவே கூரை போட்டு முடித்த வீடுகளில் உடைக்க வேண்டாம், சுவர் வழியாகக் குழாயை வெளியே எடுத்து, அடியில் கரி தட்ட ஒரு மூடி வைத்து மேலே ஏற்றலாம், நேர்க் குழாய் அளவுக்கு இழுக்காது, ஒன்றுமில்லாததற்கு அது மேல். சுத்தம் செய்வதை மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் விடலாம். உச்சியிலிருந்து கயிற்றில் கல்லும் சாக்குத் துணியும் கட்டி இரண்டு தடவை இறக்கி ஏற்றினால் கரி உதிர்ந்துவிடும், மாதம் ஒரு முறை போதும், மழைக்காலத்தில் இரண்டு முறை. கொத்தனார்களுக்கு ஒருநாள் பயிற்சி வைத்தால் என்னால் ஆன வரை சொல்லிக் கொடுக்க வருகிறேன், அதற்குக் கூலி வேண்டாம், பஸ் காசு கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன்.

எங்கள் மலையில் பெரியூர்ப் பக்கம் இப்போது சில வீடுகள் லிண்டல் மட்டத்தில், அதாவது கதவு ஜன்னல் தலை உயரத்தில், நிற்கின்றன. சென்ட்ரிங் அடிப்பதற்கு முன் உத்தரவு வந்தால் அந்த வீடுகளிலிருந்தே தொடங்கிவிடலாம், எனவே இந்த மனுவைத் திங்கள்கிழமை மனுக்களோடு மனுவாக வைத்துவிடாமல் சீக்கிரம் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கொத்தனாரும் ஊர்ப் பெண்களும்,
வத்தல்மலை.

இணைப்பு: கூரை ஓட்டையும் குழாயும் அளவோடு கையால் வரைந்த படம் ஒன்று, கையெழுத்துத் தாள்.