சார்பதிவாளர் அலுவலகத்தைக் கீழே கொண்டுவாருங்கள்: மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம்.

எங்கள் ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகம் முதல் மாடியில் இருப்பது தங்களுக்குத் தெரியும். அதைத் தரைத்தளத்துக்கு மாற்றக் கேட்டு நான் கொடுத்த மனுக்கள் கோப்பில் இருக்கின்றன. “தனியார் வாடகைக் கட்டடம் என்பதால் மாற்றம் செய்ய இயலாது” என்று வந்த பதிலும் இருக்கிறது. அந்தப் பதிலைப் படித்த பிறகுதான் இதை ஊரறிய எழுதத் தீர்மானித்தேன்.

அப்பாவின் வீட்டுக்கான பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கைரேகை வைக்க நான் நேரில் போகவேண்டியிருந்தது. சக்கர நாற்காலி படிக்கட்டோடு நின்றுவிட்டது. பத்திர எழுத்தர் ஒருவர் டீக்கடையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வரவழைத்தார். நான்கு பேர் தூக்கினார்கள். தம்பியைத் தவிர மற்ற மூவரும் யாரென்றே எனக்குத் தெரியாது. படி திரும்புகிற இடத்தில் நாற்காலி சாய, ஒருவர் பிடிக்கக்கூடாத இடத்தில் பிடித்தார். நான் விழாமல் இருக்கத்தான் பிடித்தார், அவர்மேல் கோபமில்லை. விலகிய முந்தானையைச் சரிசெய்யக் கையை எடுத்தால் விழுந்துவிடுவேன். “ஆடாம இருங்க மேடம்” என்றது கீழிருந்து ஒரு குரல். படியோரம் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வேலை முடிந்து இறங்க நினைத்தபோது தூக்கியவர்களில் ஒருவர் கிளம்பிப் போயிருந்தார். இன்னொரு ஆள் கிடைக்கும்வரை மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

“முன்னாடியே சொல்லியிருந்தா வீட்டுக்கே வந்திருப்போமே” என்றார்கள் அலுவலகத்தில். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 38ஆம் பிரிவில் அதற்கு வழி இருக்கிறது. படுக்கையில் கிடப்பவர்களுக்கு அது பேருதவி. நானோ தினமும் பள்ளிக்குப் போய்க் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிறவள். வீட்டைவிட்டு வெளியே வர எனக்குத் தடையில்லை. தடை தங்கள் படிக்கட்டில்தான் இருக்கிறது.

வாடகைக் கட்டடம் என்ற பதிலுக்கு வருகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பொதுமக்கள் வந்துபோகும் கட்டடம் அரசுடையதானாலும் தனியாருடையதானாலும் அதைப் பொதுக் கட்டடம் என்றே சொல்கிறது. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய 45ஆம் பிரிவு தந்த அவகாசம், விதிகள் வெளியானதிலிருந்து ஐந்து ஆண்டுகள். விதிகள் 2017 ஜூனில் வந்தன. கணக்கைத் தாங்களே போட்டுக்கொள்ளலாம். 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், எங்களைப் போன்றவர்கள் வந்துபோகக் கட்டடம் எப்படி இருக்கவேண்டும் என்ற அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த, அந்த விதிகளின் 15(1) விதி செல்லாது என்று சொல்லி, கட்டாய விதிகளை வகுக்க ஒன்றிய அரசுக்கு மூன்று மாதம் கொடுத்தது. மாடியில் வாடகைக்கு இடம் பிடித்தது எங்களைக் கேட்டா நடந்தது?

சாய்தளம் இருக்கும் இடங்களின் லட்சணமும் தெரிந்ததுதான். ஒரு அடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது அளவு. கட்டி வைத்திருப்பதோ சறுக்குமரம், அதன் வாயிலில் ஊழியர்களின் பைக்குகள். எங்களுக்கான கழிப்பறையில் துடைப்பமும் பினாயிலும் குடியிருக்கின்றன. மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 வந்தால் மட்டும் சால்வை போர்த்த எங்களைத் தேடுகிறார்கள். அப்போதும் மேடைக்குப் படிதான்.

கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன், பொறுத்தருள வேண்டும். நான் கேட்பது ஒன்றுதான்: அந்த அலுவலகத்தைத் தரைத்தளத்துக்கு மாற்றுங்கள். வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது தரைத்தளத்தில் இடம் தராத கட்டடத்துக்குக் கையெழுத்திடாதீர்கள். அதுவரை கீழே ஒரு மேசையும் கைரேகைக் கருவியும் கேமராவும் வைத்து, தேவைப்படும்போது சார்பதிவாளர் இறங்கிவந்து பதிவு செய்ய உத்தரவிடுங்கள். அவருக்குப் படி ஏறி இறங்க முடியும்.

எந்தத் தேதிக்குள் மாற்றுவீர்கள் என்பதை எழுத்து மூலமாகத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். “பரிசீலனையில் உள்ளது” என்ற பதில் ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் மாவட்டத்துக் கணக்கு ஆசிரியை ஒருத்தி