தாமிரபரணியில் துணியும் குப்பையும் வீசுவோர் கவனத்திற்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி அமாவாசையன்று தாமிரபரணிக் கரையிலுள்ள பாபநாசத்தில் திரண்ட கூட்டத்தைப் பற்றிய செய்தியும் படங்களும் தங்கள் நாளிதழில் வெளிவந்திருந்தன. கூட்டம் கலைந்த மறுநாள் படித்துறையிலும் ஆற்றுக்குள்ளும் கிடந்தவற்றைப் பற்றி எவரும் எழுதக் காணோம் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். நான் சேரன்மகாதேவி வட்டாரத்தில் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல் பயிரிடும் விவசாயி. மேலே ஆற்றில் போடப்படுவது எதுவாயினும் கீழே எங்கள் மடைக்கு வந்து சேருகிறது. ஆகவே இது குறித்துப் பேச எனக்கு உரிமை உண்டு என்று கருதுகிறேன்.

கால்வாயில் தண்ணீர் திறந்தும் கடைமடைக்கு வந்து சேரவில்லை என்றால், முன்பெல்லாம் அணையில் தண்ணீர் குறைவு என்றோ, மேல்மடைக்காரர் கூடுதலாகப் பாய்ச்சிவிட்டார் என்றோ சொல்வோம். இப்போது ஆறு நிறையத் தண்ணீர் ஓடும்போதும் கடைமடை காய்கிறது, மடைக்கண்ணைத் துணி அடைத்துக்கொள்வதால். இந்தக் கார் பருவத்தில் எங்கள் மடையில் தண்ணீர் சரியாக விழவில்லை என்று இறங்கிப் பார்த்தபோது, பாலியஸ்டர் சேலை ஒன்று அடைப்புப் பலகையின் இரும்புக் கம்பியில் முறுக்கிச் சுற்றிக்கொண்டு, மடிப்புகளுக்குள் சேறும் ஆகாயத்தாமரை வேரும் ஏறி, ஓர் ஆள் இழுத்து வராத பாரமாகக் கிடந்தது. இரண்டு பேர் சேர்ந்து அரிவாளால் அறுத்து அறுத்துத்தான் எடுத்தோம். இத்தனை நாள் தண்ணீரிலும் சேற்றிலும் கிடந்தும் அதன் ஜரிகைக் கரை மட்டும் மங்காமல் இருந்தது. அதற்குப் பின்னால் வேட்டி, உள்ளாடைகள், ஷாம்பு பாக்கெட்டுகள், உப்பிப்போன குழந்தை டயப்பர்கள், கழுத்து உடைந்த மதுப்பாட்டில் என்று ஒவ்வொன்றாக வந்தன. மடைக்குள் நாங்கள் வெறுங்காலோடுதான் இறங்குகிறோம். சேற்றில் செருப்போடு நிற்க முடியாது என்பது வயலில் இறங்கிய எவருக்கும் தெரியும். கரையில் உட்கார்ந்து குடித்துவிட்டுப் பாட்டிலைக் கல்லில் உடைத்து எறிகிறவர், அடுத்து அங்கே ஒரு கால் இறங்கும் என்பதை நினைத்துப் பார்ப்பதே இல்லை.

பொதிகை மலையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளிக்கு வந்து, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் வழியாகப் புன்னைக்காயல் அருகே கடலில் சேரும் இந்த ஆற்றின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர்தான். கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இதன் தண்ணீரைப் பிரித்து வயல்களுக்குக் கொடுக்கின்றன. கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகங்களும் விளைவது இந்தத் தண்ணீரில். திருநெல்வேலி, தூத்துக்குடி, கோவில்பட்டி மக்கள் குடிப்பதும் இந்தத் தண்ணீர். காவிரிக்கும் பாலாற்றுக்கும் அண்டை மாநிலத்தோடு வழக்காட வேண்டியிருக்கிறது. தாமிரபரணிக்கு அந்த நிலை இல்லை. தமிழ்நாட்டில் பிறந்து தமிழ்நாட்டிலேயே கடலில் கலக்கும் ஆறு என்று மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம். அப்படியானால் இதில் மிதக்கும் அழுக்கு முழுவதும் நம்முடையது என்பதையும் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

2024 டிசம்பரில் கேரள மருத்துவமனைகளின் கழிவுகளை நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கொண்டுவந்து கொட்டியது தெரிந்ததும் மாவட்டமே கொதித்தெழுந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, கேரள அதிகாரிகளே லாரிகளோடு வந்து அந்தக் கழிவை அள்ளிச் சென்றார்கள். அந்தக் கோபம் முற்றிலும் நியாயமானது. நானும் அந்தக் கோபத்தில் பங்குகொண்டவன்தான். ஆனால் அதே வாரத்தில், அதே ஊர்களுக்கு அருகில் ஓடும் அதே ஆற்றில், நம் ஊர்க்காரர் ஒருவர் கோழிக் கழிவு மூட்டையைப் பாலத்திலிருந்து தள்ளிவிட்டிருந்தால் எத்தனை பேர் சாலையில் இறங்கியிருப்போம்? அயலார் கொட்டினால் குற்றம், நம்மவர் கொட்டினால் வழக்கம் என்று இருவேறு அளவுகோல் வைத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

பாபநாசத்தில் துணி விடுவதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் இதைச் செய்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. தோஷம் கழிய வேண்டும், இறந்தவருக்கான கடன் தீர வேண்டும் என்று தொலைவிலிருந்து குடும்பத்தோடு வந்து, முங்கி எழுந்து, உடுத்தியிருந்த துணியை அப்படியே ஆற்றில் நழுவவிட்டுக் கரையேறுகிறார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் தவறாமல் ஆற்றுக்குப் போனவர்கள். எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, ஈரத் துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு வீடு திரும்புவார்களே தவிர, துணியை ஆற்றில் விட்டு வந்ததாக நான் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. அப்படியே எங்கேனும் ஒருவர் விட்டிருந்தாலும் அது பருத்தித் துணியாக இருந்திருக்கும், மக்கிப் போயிருக்கும். இன்று விடப்படும் சேலைகளிலும் சட்டைகளிலும் பெரும்பாலானவை பிளாஸ்டிக்கின் இனத்தைச் சேர்ந்த இழையில் நெய்யப்பட்டவை. அவை பாறை இடுக்கிலும் மர வேரிலும் சுற்றிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கிடக்கும். குளிப்பவர் காலில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. அவற்றை எடுப்பதற்காகத் தன்னார்வலர்களும் தூய்மைப் பணியாளர்களும் தண்ணீருக்குள் முங்கி முங்கி, வெட்டி இழுத்துக் கரை சேர்ப்பதை நேரில் பார்த்தவர்கள், தம் பாவம் இன்னொருவர் தலையில் ஏறுவதை அங்கேயே கண்டுகொள்ளலாம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் ஆறு கரை கடந்து ஊர்களுக்குள் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். வெள்ளம் வடிந்த பிறகு கரையோர மருத மரங்களைப் பார்த்தேன். தண்ணீர் ஏறியிருந்த உயரம் வரைக்கும் கிளைகளில் துணிக் கந்தலும் பாலித்தீன் பையும் தொங்கின. பாலத் தூண்களைச் சுற்றியும் அப்படியே. நாம் கொடுத்ததையெல்லாம் ஆறு கரையில் கொண்டுவந்து காட்டியும் நம் பழக்கம் மாறவில்லை.

பக்தியின் பெயரால் செய்வதை விடவும் எனக்கு மிகுந்த வேதனை தருவது, எந்தக் காரணமும் இல்லாமல் செய்வது. கால்வாய்ப் பாலத்தின் மேல் ஒரு நாள் காலையில் நல்ல கார் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கவில்லை. பின் இருக்கையிலிருந்த பள்ளிச் சீருடைப் பையன் கையில் முடிச்சுப் போட்ட கேரிபேக்கைக் கொடுத்து, கைப்பிடிச் சுவருக்கு மேலாக வீசச் சொன்னார். பையன் தயங்கித் தகப்பன் முகத்தைப் பார்த்தான். “சீக்கிரம் போடுலே, ஸ்கூலுக்கு நேரமாவுது” என்றார். பையன் வீசினான். நான் அருகே போய், “அண்ணாச்சி, இந்தத் தண்ணியில நாங்க வெள்ளாமை வைக்கோம். பிள்ளைக்கு இப்படிச் சொல்லிக் குடுக்கலாமா?” என்று கேட்டேன். “ஊரே போடுது. நான் ஒருத்தன் போடாட்டா சுத்தமாயிருமோ? உம்ம சோலியப் பாரும்” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அவர் படிக்காதவர் அல்லர். அவர் வீட்டு வாசல் நிச்சயமாகத் துப்புரவாக இருக்கும். காருக்குள் குப்பை கிடக்கக் கூடாது என்பதற்காகத்தானே அந்தப் பை வெளியே வந்தது. ‘ஊரே போடுகிறது’ என்ற அவருடைய வாதத்தைப் பற்றிப் பலமுறை யோசித்திருக்கிறேன். ஊர் என்பது அவரும் நானும் சேர்ந்ததுதான். மாநகராட்சி எல்லைக்குள் பாளையங்கால்வாயும் நெல்லைக் கால்வாயும் இன்று எந்த நிலையில் ஓடுகின்றன என்பதைப் பார்த்தால், ஒவ்வொருவரும் ஒரே ஒரு பை மட்டும் போட்டு வந்ததன் விளைவு தெரியும். அவை சாக்கடைகள் அல்ல. அவற்றின் வாலில் இன்னமும் வயல் இருக்கிறது. அந்தப் பையனின் தயக்கம்தான் எனக்கு ஒரே ஆறுதல். பள்ளியில் யாரோ ஓர் ஆசிரியை அவனுக்குச் சரியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதை அவன் தகப்பனாரே ஒரு நொடியில் அழித்துவிட்டார்.

படித்துறைகளில் குடிப்பவர்களைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. எங்கள் ஊரில் பெண்கள் மாலையில் துணி துவைக்கவும் குளிக்கவும் போகும் வழக்கம் ஏறக்குறைய நின்றேவிட்டது. படியில் அமர்ந்திருப்பவர்களைக் கடந்து இறங்க அவர்களுக்கு மனம் வருவதில்லை. இறங்கினாலும் மணலுக்குள் கண்ணாடிச் சில்லு எங்கே இருக்கிறது என்று தெரிவதில்லை. ஊர்ப் பொதுவான ஒரு படித்துறையை நான்கைந்து பேர் தங்கள் சொந்தத் திண்ணை ஆக்கிக்கொள்ள, மற்றவர்கள் ஒதுங்கிப் போகும்படி ஆகியிருக்கிறது. நீலகிரி மாவட்டத்தில் 2022 முதல் மதுப்பாட்டிலுக்குக் கூடுதலாகப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தந்தார்கள். காலிப் பாட்டிலுக்கு ஒரு விலை வந்துவிட்டால் அதை உடைக்க மனம் வராது. ஒருவர் போட்டாலும் இன்னொருவர் பொறுக்கிச் செல்வார். ஆற்றங்கரை ஊர்களில் இந்த முறை ஒரு கடையிலும் விடுபடாமல் கண்டிப்பாக நடைபெற வேண்டும்.

அரசின் பொறுப்பை நான் மறைக்கவில்லை. ஆற்றில் கலக்கும் அழுக்கில் பெரும்பங்கு ஊராட்சிகளும் பேரூராட்சிகளும் மாநகரமும் சுத்திகரிக்காமல் விடும் கழிவுநீர். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இது குறித்துத் தொடர்ந்து விசாரித்து வருகிறது. 2024இல் நீதிபதிகளே நேரில் வந்து பார்வையிட்டார்கள். வீடுகளில் குப்பை வாங்க வருகிற நேரமும் ஒத்துவருவதில்லை. கணவன், மனைவி இருவரும் விடிகாலையில் வேலைக்குக் கிளம்பிவிடும் வீட்டில், ஒன்பது மணிக்கு வண்டி வந்தால் குப்பையை யாரிடம் கொடுப்பது என்ற கேள்வி நியாயமானதே. அப்படிப்பட்ட வீடுகளுக்காக ஒவ்வொரு தெருமுனையிலும் மூடியுள்ள தொட்டி ஒன்றாவது வைத்துத்தான் ஆக வேண்டும். ஆயினும் கழிவுநீர்க் குழாயைக் காட்டித் தன் கையிலுள்ள பையை நியாயப்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. குழாயை அடைக்கக் கோடிக்கணக்கில் பணமும் பல ஆண்டுகளும் வேண்டும். பையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகச் செலவு எதுவும் இல்லை.

சட்டத்துக்கும் குறைவில்லை. தெருவிலோ பொது இடத்திலோ வடிகாலிலோ நீர்நிலையிலோ குப்பையை எறியக் கூடாது என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. டயப்பர் போன்றவற்றைத் தனியே சுற்றிக் கொடுக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் பதினான்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. அந்தத் தடைக்குப் பிறகும் கேரிபேக்குகள் எங்கள் மடைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், கால்வாய்ப் பாலங்களில் காலை ஆறு முதல் ஒன்பது வரை ஆள் நிறுத்தி, வீசுகிறவரிடம் அங்கேயே அபராதம் வசூலித்தால், கார்க்காரர்கள் வேறு வழி தேடிக்கொள்வார்கள் என்பது என் கணிப்பு. அதோடு பாலங்களின் இருபுறமும் ஆள் உயரத்துக்குக் கம்பி வலை அடித்தால், நகரும் வண்டியிலிருந்து வீசுவது நின்றுபோகும்.

பாபநாசத்தைப் பொறுத்தவரையில் அபராதத்தை விடத் தர்ப்பணம் செய்து வைக்கும் பெரியவர்களின் ஒரு சொல்லுக்கு வலிமை அதிகம். ‘துணியைத் தண்ணீரில் விடாதீர்கள், கரையில் வையுங்கள், பலன் குறையாது’ என்று அவர்கள் வாயால் சொன்னால் வருகிறவர்கள் மறுக்கப் போவதில்லை. கரையில் வைப்பதற்குப் பெரிய தொட்டிகள் வைத்து, அமாவாசை நாட்களிலாவது நிரம்ப நிரம்ப அப்புறப்படுத்த ஆட்களை நியமித்து, மறுபடியும் உடுத்தத்தக்கவற்றைத் துவைத்துக் கொடுக்க ஏற்பாடு செய்வது கோயில் நிர்வாகத்துக்கும் உள்ளாட்சிக்கும் இயலாத காரியம் இல்லை. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் புலிகள் காப்பகத்தின் வழியாகப் போகும் பக்தர்களிடம் வனத்துறை சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக்கைப் பிரித்து வாங்கி வைத்துவிடுகிறது. மக்கள் அதை ஏற்றுக்கொண்டுதானே மேலே போகிறார்கள்?

தை அமாவாசைக்கு முன்பாக இந்த ஏற்பாடுகளில் எவை நடைபெறும் என்பதை மாவட்ட நிர்வாகம் தங்கள் நாளிதழ் வாயிலாகவே அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பிசானத்துக்குத் தண்ணீர் திறப்பதற்கு முன்பு எங்கள் மடையை மறுபடியும் சுத்தம் செய்ய இருக்கிறோம். அன்றைக்குத் தங்கள் செய்தியாளர் ஒருவரையும் நீர்வளத்துறை அலுவலர் ஒருவரையும் அனுப்பி வைத்தால், சேற்றுக்குள்ளிருந்து வருவதையெல்லாம் கரையில் பரப்பிக் காட்டுகிறோம். அதைப் படம் எடுத்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கன்னடியன் கால்வாய்ப் பாசன விவசாயி,
சேரன்மகாதேவி வட்டாரம்,
திருநெல்வேலி மாவட்டம்.