முற்பிறவிக் காதலுக்கு ஏழு மதிப்பெண்ணா?

மதிப்பிற்குரிய ஆங்கிலத் துறைத் தலைவர் அவர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும்,

வணக்கம். டிராகுலா நாவலுக்கு நடந்த அகமதிப்பீட்டுத் தேர்வின் விடைத்தாளைப் பெற்றுக்கொண்டேன். இரத்தம் குடிக்கும் டிராகுலாவுக்கும் நாவலின் நாயகி மினாவுக்கும் உள்ள உறவை விளக்கும் பத்து மதிப்பெண் கேள்விக்கு மூன்று கிடைத்திருக்கிறது. ஓரத்தில் சிவப்பு மையில், 'முற்பிறவிக் காதல் எங்கே?'

அந்தக் காதல் 1992இல் கொப்போலா எடுத்த படத்தில் இருக்கிறது, ஐயா. 1897இல் வெளிவந்த பிராம் ஸ்டோக்கரின் நாவலில் அப்படி ஒன்று கிடையாது. படத்தின் தலைப்பிலேயே ஸ்டோக்கரின் பெயரைச் சேர்த்துவிட்டதால் வந்த வினையோ என்னவோ. பாடத்திட்டத்தில் இருப்பது நாவல். வகுப்பில் போட்டுக் காட்டியது படம். நாவலைப் படித்த ஒருவர் என் விடைத்தாளை மறுமதிப்பீடு செய்ய வேண்டும். இதுதான் என் கோரிக்கை.

நாவலில் டிராகுலா மினாவைக் கடித்து, தன் இரத்தத்தை வலுக்கட்டாயமாகக் குடிக்கவைக்கிறான். அதைக் காதல் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கணவனின் சுருக்கெழுத்து நாட்குறிப்பு, டாக்டர் சீவர்டின் ஒலிப்பதிவு உருளைகள், தந்திகள் என எல்லாவற்றையும் தட்டச்சு செய்து தேதிவாரியாக அடுக்குகிறவள் மினா. டிராகுலா மூலப்பிரதிகளை நெருப்பில் போட்ட பிறகும் அவளுடைய தட்டச்சுப் பிரதி ஒன்று பெட்டகத்தில் தப்பிவிடுகிறது. அவனைத் துரத்திப் பிடிக்க உதவுவது அந்தக் காகிதங்கள்தாம். ஆளாளுக்கு நாட்குறிப்பு எழுதும் இந்த நாவலில் டிராகுலாவுக்கு மட்டும் ஒரு பக்கம்கூட இல்லை. அவன் மனத்துக்குள் ஸ்டோக்கர் நம்மை விடவே இல்லை. பயம் அங்கேதான் இருக்கிறது. கேமராவோ முகத்தைக் காட்டியாக வேண்டும். காட்டிய முகத்துக்கு ஒரு சோகக் கதையும் வேண்டியிருக்கிறது. இப்படி நான் எழுதிய பத்தி முழுவதும் குறுக்காக அடிக்கப்பட்டிருக்கிறது.

'பகலிலும் நடமாடுகிறான்' என்ற வரிக்குக் கீழே ஒரு கேள்விக்குறி. மினாவின் செப்டம்பர் 22 நாட்குறிப்பைப் பாருங்கள். பிக்காடில்லியில் பட்டப்பகலில் நின்றுகொண்டு, வண்டியில் அமர்ந்திருக்கும் பெரிய தொப்பிக்காரப் பெண்ணை வெறித்துக்கொண்டிருக்கிறான். வெயில் பட்டால் சாவான் என்பது 1922இல் முர்னாவ் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு' படம் கொடுத்த வரம். கொப்போலாவின் படத்திலும் அவன் பகலில்தான் லண்டனைச் சுற்றுகிறான். ஆக, திருத்தியவர் படத்தையும் முழுதாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

நூலகத்தில் நாவல் ஒரே ஒரு பிரதி, அதுவும் 'வெளியே எடுத்துச் செல்லக் கூடாது' என்ற முத்திரையோடு. கைடுகள் மட்டும் அலமாரி நிறைய. முதுகலை இலக்கியம் படிப்பவர்கள் நாவல் படிக்க மாட்டார்கள் என்று துறையே முடிவு செய்துவிட்டதா?

கோபத்தில் வரம்பு மீறியிருந்தால் பொறுத்தருளுங்கள். நாவலைப் படித்த ஒருவரிடம் என் விடைத்தாளை மறுமதிப்பீட்டுக்கு அனுப்புமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். படத்தைப் பற்றித்தான் கேட்பதென்றால், அடுத்த கேள்வித்தாளில் அப்படியே கேட்டுவிடுங்கள். அதற்கும் எழுதுவேன்.

தங்கள் உண்மையுள்ள,
முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி