காசநோய் மாத்திரையோடு பி6 மாத்திரையும் வழங்கக் கோரி மனு

அனுப்புநர்: காசநோய் சிகிச்சை பெற்ற பீடித் தொழிலாளியின் மகள்

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

பொருள்: காசநோயாளிகளுக்கு வைட்டமின் பி6 மாத்திரை தவறாமல் கிடைக்கச் செய்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

என் அம்மாவுக்கு வயது 52. பத்து வருடமாகச் சர்க்கரை. சென்ற ஆண்டு காசநோய் வந்து, அரசு தந்த மாத்திரையை ஆறு மாதமும் ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட்டார். சளிப் பரிசோதனையில் இப்போது கிருமி இல்லை. அதற்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் குறையை எழுதுகிறேன்.

மூன்றாம் மாதம் உள்ளங்காலில் எரிச்சல் தொடங்கியது. ராத்திரியில் ஈரச் சாக்கை விரித்து அதன்மேல் காலை வைத்துப் படுப்பார். அப்புறம் விரல் நுனி மரத்தது. பீடி இலையை எப்படியோ உருட்டிவிடுவார். கட்டும்போது விரலுக்கு நூல் தெரியாது. ஒருநாள் ஒற்றைச் செருப்பு வழியில் கழன்றதே தெரியாமல் வீடுவரை நடந்து வந்துவிட்டார். மாத்திரை வாங்குமிடத்தில் சொன்னோம். "சர்க்கரை இருக்குல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். சரி என்று வந்துவிட்டோம்.

சிகிச்சை முடியும் தறுவாயில் வேறொரு மருத்துவர் மாத்திரை அட்டையைப் புரட்டிப் பார்த்து, "இதுகூட பி6 தந்தாங்களா?" என்று கேட்டார். அந்தப் பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டோம். காசநோய் மாத்திரையில் உள்ள ஐசோனியாசிட், உடம்பிலுள்ள பி6 சத்தைப் பிடித்துச் சிறுநீரோடு வெளியேற்றிவிடுகிறது; அது குறைந்தால் நரம்பு கெடுகிறது. சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், குடிப்பவர்கள், சாப்பாடில்லாமல் மெலிந்தவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். அப்படியென்றால், அம்மாவின் சர்க்கரையைப் பார்த்ததுமே பி6 எழுதியிருக்க வேண்டும். அதே சர்க்கரையைச் சொல்லித்தான் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

இது புதிய விஷயமும் இல்லை. சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையமே, சிறிய அளவு பி6 சேர்த்துக் கொடுத்தால் இந்தப் பாதிப்பைத் தடுக்கலாம் என்று 1960-களில் ஆராய்ந்து சொல்லியிருக்கிறது. நாளுக்கு 10 முதல் 25 மில்லிகிராம் போதும் என்கிறார்கள். விலை மலிவான மாத்திரைதான். அளவு மீறினால் பி6 மாத்திரையே நரம்பைக் கெடுக்கும் என்பதால், கடையில் நாங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளவும் பயம்.

ஆகவே, காசநோய் மாத்திரை தரும் எல்லா இடங்களிலும் பி6 இருப்பில் உள்ளதா என்று பார்க்க உத்தரவிட வேண்டும். ஒவ்வொரு முறை மாத்திரை தரும்போதும் "கால் எரிகிறதா, மரத்துப்போகிறதா?" என்று கேட்டுச் சிகிச்சை அட்டையில் எழுதச் சொல்ல வேண்டும். காசநோய் மாத்திரையை யாரும் பயந்து பாதியில் நிறுத்திவிடக் கூடாது என்பதையும் அப்போதே எடுத்துச் சொல்லட்டும்.

பி6 ஆரம்பித்த பிறகு அம்மாவுக்குக் கைவிரல் ஓரளவு தேறியிருக்கிறது. கால் இன்னும் அப்படியேதான். விசாரணைக்குத் தேவைப்பட்டால் அழைத்து வருகிறேன். மாடி ஏற முடியாது, கீழ்த்தளத்தில் வைத்துப் பார்த்தால் உதவியாக இருக்கும்.

இணைப்பு: சிகிச்சை அட்டை, மருந்துச் சீட்டு நகல்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)