செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்கும் இதை அனுப்பி வைக்கிறேன், தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

கோவையில் கையால் டிராக் கார் கட்டி ஓட்டும் நம் சங்கத்தின் வழக்கமான நிகழ்ச்சிகள் எல்லாம் நடந்தன. பொதுக்குழு கூடியது. ஆயுத பூஜையை எப்போதும்போல் கணபதி பட்டறையில் கொண்டாடினோம். பைப் வெல்டிங் வகுப்பு கல்லூரி விடுமுறையில் நடந்தது, மாணவர்கள் நிறையப் பேர் வந்தார்கள். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் கோடையில் ஒருமுறை, மழைக்குப் பிறகு ஒருமுறை என, பந்தயப் பாதையில் நம் கார்களை ஓட்டிப் பார்க்கும் டிராக் நாள்கள் இரண்டு. கார்களை டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும் என்பதை மறுபடியும் நினைவுபடுத்துகிறேன். பதிவு எண் இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்டினால் சங்கம் பொறுப்பேற்காது.

இனி ஃபியூல் பம்ப் விஷயம். இந்த ஆண்டு என் நேரத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் போனது. இவ்வளவு அவசியமா என்று சிலர் கேட்டதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் டிராக் நாளில் நம் உறுப்பினர் ஒருவரின் கார் வளைவில் சுழன்று, பின்பக்கம் போய் டயர் அடுக்கில் இடித்தது. அவருக்கு அடி இல்லை. இன்ஜினும் அணைந்துவிட்டது. ஆனால் பம்பின் வெளிவாயில் இருந்த ஹோஸ் கழன்று போய், பம்ப் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்க, பெட்ரோல் சூடான சைலன்சர் பைப்புக்குப் பக்கத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டியவர் பெல்ட்டைக் கழற்றி வெளியே வருவதிலேயே கவனமாக இருந்தார். அந்த நேரத்தில் யாருக்கும் சாவி நினைவுக்கு வராது. டிராக் பாதுகாப்புக்கு நிற்கும் மார்ஷல் ஓடிவந்து சாவியைத் திருப்பிய பிறகுதான் நின்றது. தீப்பிடிக்கவில்லை என்றால் அது அதிர்ஷ்டம், வேறொன்றும் இல்லை.

இது எப்படி நடந்தது என்று பலருக்கு அப்போது புரியவில்லை. பழைய கார்புரேட்டர் மாருதி 800-ல் பம்ப் இன்ஜினோடு சேர்ந்தது, கேம் ஷாஃப்ட் தள்ளினால்தான் வேலை செய்யும், இன்ஜின் நின்றால் அதுவும் நின்றுவிடும். நாம் அந்த இன்ஜினை எடுத்து நம் ஃபிரேமில் வைத்து, டேங்கை வேறு இடத்துக்கு மாற்றி, வெயிலில் பெட்ரோல் லைனில் ஆவி அடைக்கிறது என்று மெக்கானிக்கல் பம்பைக் கழற்றிவிட்டு எலக்ட்ரிக் பம்ப் போடுகிறோம். அதற்குக் கரண்ட் எங்கிருந்து எடுக்கிறோம்? இக்னிஷன் ஒயரிலிருந்து நேராக. சாவி ஆனில் இருக்கும் வரை பம்ப் ஓடும், இன்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும். இடிக்கவே வேண்டாம், பெட்ரோல் வரத்தை அடைக்கும் கார்புரேட்டர் ஊசி திறந்தபடி சிக்கிக்கொண்டாலே போதும், நின்ற இன்ஜினுக்குள் பெட்ரோல் இறங்கிக்கொண்டே இருக்கும்.

இன்ஜெக்‌ஷன் இன்ஜின் வைத்திருப்பவர்கள் எங்களுக்கு ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். சரி, கம்பெனி ஒயரிங்கை அப்படியே வைத்திருந்தால் பார்த்துக்கொள்ளும். சாவி போட்டதும் இரண்டு மூன்று விநாடி பம்பை ஓட்டிப் பிரஷர் ஏற்றி, இன்ஜின் சுழல்வதைக் காட்டும் கிராங்க் சென்சாரிலிருந்து சிக்னல் வராவிட்டால் நிறுத்திவிடும். ஆனால் ஒயரிங்கைப் புதிதாக இழுத்த பல கார்களில் பம்ப் ரிலேயை (பம்புக்குக் கரண்ட் விடும் மின்சுவிட்சை) தனியாகப் பிரித்து இக்னிஷனில் கட்டியிருப்பதை நானே பார்த்தேன். அங்கே பிரஷர் சுமார் 3 பார். அந்த வகைப் பம்ப் மணிக்கு 90 லிட்டருக்கு மேல் தள்ளக்கூடியது, அதாவது திறந்துவிட்டால் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் பரவும். மேலே வாசனை வருவதற்குள் கீழே பரவியிருக்கும்.

அதனால்தான் குழு ஒப்புதலோடு விதியை மாற்றினேன். ஒவ்வொரு காரிலும் பம்பைத் தானாக நிறுத்தும் கட்-ஆஃப் இரண்டு இருக்க வேண்டும். முதலாவது, இன்ஜின் சுழன்றால் மட்டும் பம்புக்குக் கரண்ட் விடும் ரிலே. இக்னிஷன் காயிலில் வரும் மின் துடிப்பைப் பார்த்து வேலை செய்யும் ரிலேக்கள் கிடைக்கின்றன, துடிப்பு நின்றதும் ஓரிரு விநாடியில் பம்பை நிறுத்திவிடும். ஆயில் பிரஷர் சுவிட்ச் மூலமும் செய்யலாம், ஆனால் டாஷ்போர்டு விளக்கை எரியவைக்கும் சாதாரண சுவிட்ச் ஆகாது. அது பிரஷர் இல்லாதபோது மூடியிருப்பது. அதைத் தலைகீழாகப் பயன்படுத்த ரிலேயின் 87ஏ முனையில் (ரிலேக்குக் கரண்ட் வராதபோது இணைந்திருக்கும் முனை) பம்பைக் கட்டினால், சுவிட்ச் ஒயர் அறுந்த அன்று பம்ப் நிற்காமல் ஓடும். எந்த ஒயர் அறுந்தாலும் பம்ப் நிற்க வேண்டும், அப்படித்தான் கட்ட வேண்டும். பிரஷர் வந்தால் மூடுகிற சுவிட்ச் வாங்குங்கள், ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஸ்டார்ட்டர் ஒயரிலிருந்து பம்புக்குக் கரண்ட் கொடுங்கள்.

இரண்டாவது இனர்ஷியா சுவிட்ச். உள்ளே ஒரு கூம்புக் குழியில் எஃகுக் குண்டு, அதைக் காந்தம் பிடித்து வைத்திருக்கும். பலமாக இடித்தால் குண்டு காந்தத்திலிருந்து விடுபட்டு மேலே உருண்டு தொடர்பைத் துண்டிக்கும், மேலே இருக்கும் பட்டனை அழுத்தினால் பழைய நிலைக்கு வரும். பழைய ஃபோர்டு, ஃபியட் கார்களில் கம்பெனியிலேயே வைத்திருப்பார்கள், உக்கடம் பழைய பாகக் கடைகளில் தேடினால் கிடைக்கும். வாங்கும்போது உள்ளங்கையில் ஓங்கித் தட்டி விழுகிறதா, பட்டன் திரும்ப நிற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஒன்று இருந்தால் போதாதா என்பதுதான் எல்லாருடைய கேள்வி. போதாது. கார் கவிழ்ந்தும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் ரிலே கண்டுகொள்ளாது. மெதுவாக உரசி நின்று ஹோஸ் மட்டும் பிய்ந்தால் இனர்ஷியா சுவிட்சுக்குத் தெரியாது. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டினால்தான் எந்த ஒன்று விட்டாலும் பம்ப் நிற்கும்.

கெர்ப் (டிராக் ஓரத் திண்டு) ஏறும்போதெல்லாம் இனர்ஷியா சுவிட்ச் விழுந்து பம்ப் நிற்கிறது என்று சொல்லி, சிலர் பக்கத்தில் அதைத் தாண்டிக் கரண்ட் விடும் ஒரு பைபாஸ் சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். இது என்னை மிகவும் வருத்தப்பட வைத்த விஷயம். மெல்லிய தகட்டில் மாட்டினால் அதிர்வில் விழத்தான் செய்யும். முன் பல்க்ஹெட்டின் (ஓட்டுநருக்கு முன்னால் உள்ள தடுப்பின்) கனமான பைப்பில், நிமிர்ந்த நிலையில், ரப்பர் வாஷர் இல்லாமல் இறுக்கினால் தேவையில்லாமல் விழாது. பைபாஸ் வைத்த கார் இனி டிராக்குக்குள் வராது, யாருடைய காராக இருந்தாலும். இரண்டு முனை பேட்டரி சுவிட்சைக் காட்டி இதுவே எல்லாவற்றையும் ஒரேயடியாக அணைக்கும் கில் சுவிட்ச் என்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓடும் இன்ஜினில் பேட்டரியைத் துண்டித்தாலும் ஆல்டர்னேட்டர் இக்னிஷனுக்கும் பம்புக்கும் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். இக்னிஷனையும் சேர்த்து வெட்டுகிற ஆறு முனை சுவிட்ச்தான் வேண்டும்.

அப்புறம் ஹோஸ். பங்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் ஹோஸ் ஊறி வெடிப்பு விடுகிறது. அதையும் பரிசோதனையில் சேர்த்திருக்கிறேன்.

இவ்வளவும் முடிவு செய்து, ரிலேக்களை மொத்தமாக வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தால், பாதிப் பேர்கூட வரவில்லை. கல்யாணம், கோயில் விசேஷம், வேலை எல்லாருக்கும் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் வர முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லலாமே? அந்த உறுப்பினர்களே டிராக் நாளில் காலையில் முதல் ஆளாக வந்து நின்று, பரிசோதனை ஸ்டிக்கர் இல்லாததால் உள்ளே விடவில்லை என்று பொருளாளரிடம் சத்தம் போட்டார்கள். நம் பரிசோதனை ஐந்து நிமிட வேலை. ஸ்டார்ட் செய்து, சாவியை ஆனிலேயே வைத்து இன்ஜினை மட்டும் அணைத்தால், பம்ப் சத்தம் இரண்டு விநாடியில் நிற்க வேண்டும். அடுத்து, இன்ஜின் ஓடும்போது இனர்ஷியா சுவிட்சைத் தட்டிவிட்டால் பம்ப் உடனே நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

சந்தா விஷயமும் இப்படித்தான். இரண்டு ஆண்டுகளாகக் கட்டாதவர்கள் இருக்கிறார்கள். பெயரைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் படிக்கவில்லை. அவர்களுக்கும் சேர்த்துத்தான் டிராக் வாடகை, ஆம்புலன்ஸ், தீயணைப்பான் நிரப்பும் செலவு எல்லாம் கட்டியிருக்கிறோம்.

வரவு செலவைப் பொருளாளர் தயாரித்திருக்கிறார், பார்க்க வேண்டியவர்கள் அவரிடம் பார்க்கலாம். சுருக்கமாகச் சொன்னால் கையிருப்பு போன ஆண்டைவிடக் குறைந்திருக்கிறது, ரிலே வாங்கிய பணத்தில் ஒரு பகுதி இன்னும் உறுப்பினர்களிடமிருந்து வர வேண்டியிருக்கிறது, கடன் இல்லை.

பட்டறையை ஞாயிறு தோறும் திறந்து கொடுத்தவருக்கும், ஒயரிங் வரைபடங்களைப் போட்டுத் தந்த பீளமேட்டு எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கும், மார்ஷல்களுக்கும், டீ கொண்டுவந்த தம்பிக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும், குழு உறுப்பினர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி மனதில் இருப்பதைச் சொல்கிறேன். இது பந்தய வீரர் கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டிய ஊர். கையால் கார் கட்டத் தெரிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை, பரிசோதனைக்கு ஆள் வருவதில்தான் பஞ்சம். செயலாளர் பொறுப்பில் தொடர எனக்கு விருப்பம் உண்டு. ஆனால் கட்-ஆஃப் இல்லாத காரை டிராக்குக்குள் விடும் கடிதத்தில் கையெழுத்துப் போட முடியாது, அப்படிப் போடக்கூடிய ஒருவர்தான் வேண்டும் என்றால் இன்றே சொல்லிவிடுங்கள். வாங்கிய ரிலேக்கள் இன்னும் மீதம் இருக்கின்றன, வாங்கிய விலைக்கே தருகிறோம். சந்தா கட்ட வரும்போது உங்கள் காரின் பம்ப் ஒயரிங்கை ஒரு தாளில் வரைந்து எடுத்து வாருங்கள், கையால் வரைந்தது போதும், எலக்ட்ரீஷியன் அண்ணன் பார்த்துத் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்