புறக்கணிப்பும் பகிஷ்கரிப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரம் தங்கள் நாளிதழின் ஒரே பக்கத்தில், 'பத்தாண்டுகளாகப் புறக்கணிக்கப்படும் கிராமச் சாலை' என்ற தலைப்பும், 'தேர்தலைப் புறக்கணிக்க ஊர்மக்கள் முடிவு' என்ற தலைப்பும் அடுத்தடுத்து வந்திருந்தன. முன்னது அதிகாரிகளின் பாராமுகம். பின்னது ஊரே கூடிப் பேசி எடுத்த முடிவு. இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கும்போது, அம்மக்களின் போராட்டம் வெறும் அலட்சியம்போலத் தோன்றிவிடுகிறது.

பின்னதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பாய்காட்' என்ற வினைச்சொல் ஒரு மனிதரின் பெயரிலிருந்து பிறந்தது. அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் ஏர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தராக இருந்தவர் கேப்டன் சார்லஸ் பாய்காட். 1880-இல் குத்தகையைக் குறைக்கக் கேட்ட குடியானவர்களை நிலத்தைவிட்டு வெளியேற்ற அவர் முனைந்தபோது, ஊரார் அவர்மேல் கைவைக்கவில்லை. வேலையாட்கள் வயலைவிட்டு நீங்கினர். கொல்லர் லாடம் அடிக்க மறுத்தார். துணி வெளுக்கவும் ஆள் இல்லை. கடையில் சாமான் கிடைக்கவில்லை. வெளியூரிலிருந்து ஐம்பது பேரை, ஏறத்தாழ ஆயிரம் படையினரின் காவலோடு அழைத்துவந்துதான் அறுவடையை முடிக்க முடிந்தது. 500 பவுன் பெறுமானமுள்ள விளைச்சலுக்காக 10,000 பவுன் செலவானதாக அப்போதே கணக்குச் சொன்னார்கள். நவம்பர் இறுதியில் அவர் ஊரைவிட்டே கிளம்பினார்.

ஒதுக்கிவைத்தலைக் குறிக்க 'ஆஸ்ட்ரசைஸ்' என்ற சொல் ஆங்கிலத்தில் ஏற்கெனவே இருந்தது. அது குடியானவர்களுக்கு விளங்காது என்று கருதிய பாதிரியார் ஜான் ஓமாலிதான் அந்தக் காரியஸ்தரின் பெயரையே வினையாக்கியவர் என்கிறார்கள். சில ஆண்டுகளுக்குள் அது பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளுக்கும் பரவிவிட்டது. கோரிக்கையை முன்வைத்துப் பலர் சேர்ந்து உறவை முறித்துக்கொள்வதே அதன் பொருள்; ஒருவர் மறதியாலோ அக்கறையின்மையாலோ விட்டுவிடுவது அதில் அடங்காது.

நம்மிடமும் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. அந்நியத் துணியை எதிர்த்த காலத்தில் 'பகிஷ்காரம்' என்பது பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது; இலங்கைத் தமிழ் நாளிதழ்கள் 'பகிஷ்கரிப்பு', 'பணிப்பகிஷ்கரிப்பு' என்று இன்றும் எழுதுகின்றன. வடசொல் என்று தயங்குவோரின் மனம் எனக்குப் புரிகிறது. அப்படியானால் 'கூட்டாகப் புறக்கணிக்க முடிவு' என்றாவது தலைப்பிட்டு, எந்தக் கோரிக்கைக்காக என்பதையும் முதல் வரியிலேயே சேர்க்குமாறு தங்கள் செய்திப் பிரிவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.